ஆள்மாறாட்டம் செய்யாதவர்களின் அச்சம்: முதல் தலைமுறை மென்பொருள் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய முதல் தலைமுறை மென்பொருள் பணியாளர்களுக்கு,



தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் சிறுநகரங்களிலும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ தமிழ் வழியில் பயின்று, குடும்பத்தில் எவரும் அதற்குமுன் வாசல் மிதித்திராத பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலோ கோவையிலோ பெங்களூரிலோ உள்ள மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றும் இளைஞர்களை நோக்கி இம்மடல் எழுதப்படுகிறது. அவர்களுள் பலர், வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்த பின்னரும், ஊதிய உயர்வும் பாராட்டும் கிடைத்த பின்னரும், தமக்கு உரியதல்லாத இடத்தில் அமர்ந்திருப்பதாகவும், உண்மை என்றேனும் ஒருநாள் வெளிப்பட்டுவிடும் என்றும் உள்ளூர அஞ்சி வாழ்கின்றனர். அந்த அச்சம் எங்கிருந்து பிறக்கிறது, அது எதற்குச் சான்றாகிறது, எதற்குச் சான்றாகாது, அதைக் கையாள அவர்களும் அவர்களைச் சூழ்ந்திருப்போரும் செய்யத்தக்கவை எவை என்பவற்றை எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

இவ்வச்சத்தை உளவியலார் 'இம்போஸ்டர்' உணர்வு என்பர். இம்போஸ்டர் என்னும் சொல், வேறொருவராகத் தன்னைக் காட்டி ஏமாற்றுபவரைக் குறிக்கும். தமிழில் அதற்கு நேரான சொல் 'ஆள்மாறாட்டக்காரர்' என்பதாகும். பொதுத்தேர்வு எழுதிய எவருக்கும் இச்சொல் புதிதன்று. வேறொருவருடைய நுழைவுச்சீட்டை வைத்துக்கொண்டு தேர்வெழுத வந்தவர், பறக்கும் படை அறைக்குள் நுழையும் நேரத்தில் எவ்வாறு நடுங்குவாரோ, அவ்வாறே தன் சொந்த நுழைவுச்சீட்டுடன் தன் சொந்த எண் எழுதப்பட்ட இருக்கையில் அமர்ந்திருப்பவரும் நடுங்கினால், அந்த நிலைதான் இங்குப் பேசப்படுவது. ஆள்மாறாட்டம் செய்யாதவர் ஆள்மாறாட்டக்காரரின் அச்சத்தைச் சுமக்கும் இந்நிலை, இம்மடலில் இனி 'போலியுணர்வு' என்று குறிக்கப்படும்.

இவ்வுணர்வை முதன்முதலில் ஆய்வுப் பொருளாக்கியவர்கள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள். பட்டங்களும் பதவிகளும் பெற்றுத் தத்தம் துறையில் மதிக்கப்பட்ட 150-க்கும் மேற்பட்ட பெண்களுடன் பழகி அறிந்தவற்றைக் கொண்டு 1978-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, அப்பெண்கள் தம் வெற்றியைத் தேர்வுக்குழுவின் பிழையாகவோ நல்வாய்ப்பாகவோ பிறருடைய மிகைமதிப்பீடாகவோ மட்டுமே கருதினர் என்று பதிவுசெய்தது. அக்கட்டுரை இதனை மனத்தில் நிகழும் ஒரு நிகழ்வு என்றே குறித்தது. நோய்க்குறிகளின் தொகுதி என்று பொருள்படும் 'சிண்ட்ரோம்' என்னும் சொல் பின்னர் மக்கள் வழக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலோ போலியுணர்வு ஒரு நோயாக இடம்பெறவில்லை. இதுபற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, 14,161 பேரைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, இவ்வுணர்வு உடையோரின் விழுக்காடு ஆய்வுக்கு ஆய்வு 9 முதல் 82 வரை வேறுபடுவதையும், பெண்களைப் போலவே ஆண்களிடமும் இது பரவலாக இருப்பதையும் எடுத்துக்காட்டியது. அளக்கும் கருவியையும் எல்லைக்கோட்டையும் பொறுத்து எண்ணிக்கை இவ்வளவு மாறுகிறது என்றால், இவ்வுணர்வு உடையோர், இல்லாதோர் என்று மக்களை இரண்டாகப் பிரிக்கும் தெளிவான கோடு எதுவும் இல்லை என்றே கொள்ள வேண்டும். எனவே இதனால் அல்லலுறுபவர், தமக்கு மட்டும் ஏதோ ஒரு குறை வாய்த்துவிட்டதாக எண்ணத் தேவையில்லை.

போலியுணர்வு இயங்கும் முறையை அறிந்துகொள்வது அதைத் தளர்த்துவதற்கு முதல் படி. ஒரு நிகழ்ச்சி ஏன் நேர்ந்தது என்று மனம் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் விளக்கத்தை உளவியலில் 'காரணம் கற்பித்தல்' என்பர். போலியுணர்வுக்கு ஆட்பட்டவருடைய மனம், வெற்றிக்கு ஒரு முறையிலும் தோல்விக்கு வேறொரு முறையிலும் காரணம் கற்பிக்கிறது. நேர்முகத் தேர்வில் வென்றால் கேள்விகள் எளிதாக அமைந்துவிட்டன என்கிறது. எழுதிய நிரல் பிழையின்றி ஓடினால் இணையத்தில் விடை கிடைத்தது என்கிறது. மேலாளர் பாராட்டினால் அவர் நல்ல மனிதர் என்கிறது. மாறாக, ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டால் வேளையையும் சூழலையும் மறந்து, தனக்கு அறிவில்லை என்னும் ஒரே தீர்ப்பை எழுதிவிடுகிறது. வரவையெல்லாம் பிறர் பெயரிலும் செலவையெல்லாம் தன் பெயரிலும் எழுதும் மளிகைக் கடைக்காரர், வணிகம் எவ்வளவு செழித்தாலும் ஆண்டு முடிவில் நட்டக் கணக்கையே காண்பார். அவருடைய சரக்கில் குறையில்லை, பேரேட்டை எழுதும் முறையில்தான் குறை இருக்கிறது.

கிளான்ஸ் இதிலிருந்து பிறக்கும் ஒரு சுழற்சியையும் விளக்கினார். புதிய வேலை ஒன்று ஒப்படைக்கப்பட்டவுடன் பதற்றம் எழுகிறது; அப்பதற்றத்தால் ஒருவர் தேவைக்கு மிஞ்சி இரவு பகலாக உழைக்கிறார், அல்லது கடைசி நாள்வரை தள்ளிப்போட்டுவிட்டு அவசர அவசரமாக முடிக்கிறார். வேலை நன்றாகவே முடிகிறது. ஆயினும், மிகையாக உழைத்தவர் அதை உழைப்பின் பலன் என்று மட்டும் சொல்லித் திறனின் பங்கை மறுக்கிறார். தள்ளிப்போட்டவர் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளுகிறார். எவ்வழியிலும், சான்றாக உள்ளே நுழைய வெற்றிக்கு இடம் கிடைப்பதில்லை. அடுத்த வேலை வந்ததும் அதே பதற்றம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. மேலும் மேலும் வெற்றி பெற்றால் ஐயம் தானாகவே விலகிவிடும் என்று பலர் நம்பினாலும் நடைமுறையில் அது விலகாததற்குக் காரணம் இதுதான்.

இது பொதுவான இயக்கம். முதல் தலைமுறைப் பணியாளரிடம் இது எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை ஒரு காலைக் கூட்டத்தில் காணலாம். 'ஸ்டாண்ட்-அப்' எனப்படும் அச்சிறு கூட்டத்தில், குழுவினர் ஒவ்வொருவரும் நேற்று முடித்த வேலையையும் இன்று செய்யவுள்ள வேலையையும் தடையாக இருப்பவற்றையும் ஓரிரு நிமிடங்களில் கூற வேண்டும். கூட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே, தமிழ் வழியில் பயின்ற பெண் ஒருவர் தம் குறிப்பேட்டில் மூன்று வாக்கியங்களை எழுதுகிறார். முதலில் தமிழில் அமைந்த கருத்தை ஆங்கிலமாக்கி, இறந்தகால வினை சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, உதட்டசைவில் ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொள்கிறார். தரவுத்தளத்திலிருந்து தகவல் வரத் தாமதமாவது ஏன் என்பதை முந்தைய நாள் மாலையே அவர் கண்டுபிடித்திருக்கிறார். அவருடைய முறை வருவதற்குள் வேறொருவர் அதே தாமதத்தைப் பற்றிக் காரணம் தெரியாமலேயே சரளமாகப் பேசி முடித்துவிட, இவர் ஒலிவாங்கியைத் திறந்து, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி மூடிவிடுகிறார். கூட்டம் முடியும்போது, சரளமாகப் பேசியவர் திறமையாளராகவும் விடையை அறிந்திருந்தவர் தகுதியற்றவராகவும், பிறர் கண்ணில் மட்டுமன்றி இவருடைய கண்ணிலும் மாறிவிடுகின்றனர். இங்கே குறைபட்டது நிரலாக்கத் திறனன்று. வேற்று மொழியில் உடனுக்குடன் பேசும் பழக்கமே. பழக்கமின்மையைத் தகுதியின்மை என்று தவறாகப் படித்துக்கொள்வதுதான் இப்பணியாளர்களுடைய போலியுணர்வின் வேர்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, பணத்தைப் போலவே ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பேச்சுமுறை, நடையுடை, நிறுவனங்களில் பழகும் விதம் போன்றவற்றைப் 'பண்பாட்டு மூலதனம்' என்று அழைத்தார். பெற்றோர் அலுவலகப் பணியில் இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, மேலதிகாரிக்கு எப்படி மின்னஞ்சல் எழுதுவது, முடியாத கெடுவை எப்படி மறுப்பது, ஆண்டுமதிப்பீட்டில் தன் பணியை எப்படி எடுத்துச் சொல்வது என்பவற்றை யாரும் கற்பிக்காமலேயே சாப்பாட்டு மேசைப் பேச்சிலிருந்து பெற்றுக்கொள்கிறது. விசைத்தறிக் கூடத்திலோ வயலிலோ சிறு கடையிலோ உழைத்த பெற்றோரின் பிள்ளை, அவற்றை அலுவலகத்தில் ஒவ்வொன்றாகத் தடுக்கி விழுந்து கற்க வேண்டியிருக்கிறது. முன்னவரிடம் இருப்பது பிறவித் திறன் போலவும் பின்னவரிடம் இல்லாதது பிறவிக் குறை போலவும் தோன்றுவது ஒரு மயக்கமே. உண்மையில் ஒருவர் இருபது ஆண்டுகள் முன்னதாகவே அந்தப் பாடத்தைத் தொடங்கியிருக்கிறார். இதனுடன், மாதந்தோறும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், கல்விக்கடன் தவணை, தம்பி தங்கையின் படிப்பு ஆகியவை ஒரே ஊதியத்தை நம்பியிருக்கும்போது, மற்றவருக்குச் சிறு தவறாகத் தோன்றுவது இவருக்குக் குடும்பமே சரியும் பேரிடராகத் தோன்றுகிறது. இழப்பு பெரிதாக இருக்கும் இடத்தில் அச்சமும் பெரிதாக இருப்பது இயல்பு. அது கோழைத்தனம் ஆகாது.

இப்பணியாளர்களுள் பலரை உறுத்தும் மற்றொரு சொல், சலுகை என்பது. தாம் வந்த வழி சலுகையின் வழி என்றும், அதனால் தம் இடம் முழுமையாகத் தமக்கு உரியதன்று என்றும் பிறர் குத்திக்காட்டியதைச் சிலர் தாமே நம்பத் தொடங்குகின்றனர். நடந்தவற்றை நிரல்பட நோக்கினால் இந்த எண்ணம் நிற்காது. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே பொறியியல் சேர்க்கை நடைபெறுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் தரவரிசையே இடத்தைத் தீர்மானிக்கிறது. தனிப்பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாதவரும், பள்ளியில் கற்றதை மட்டும் கொண்டு போட்டியிட இதனால் வழி திறந்தது. 2010 முதல் நடைமுறையில் உள்ள முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, கட்டணத்தைக் குறைத்ததே தவிர ஒரு மதிப்பெண்ணைக்கூடக் கூட்டித் தரவில்லை. 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட 7.5 விழுக்காட்டு இடஒதுக்கீட்டிலும், அம்மாணவர்கள் தங்களுக்குள் மதிப்பெண் அடிப்படையில் போட்டியிட்டே இடம் பெறுகின்றனர். வாயிலைக் கடந்த பின்னர் எழுதிய பருவத் தேர்வுகள், விழுந்து எழுந்து முடித்த அரியர் தாள்கள், வளாகத் தேர்வில் தீர்த்த கணக்குகள், வேலையில் சேர்ந்த பின் வாடிக்கையாளருக்கு ஒப்படைத்த மென்பொருள் ஆகியவற்றுள் எதிலும் வினாத்தாள் இவர்களுக்கென்று தனியாக அச்சிடப்படவில்லை. சமூகநீதி வாயிலைத்தான் அகலமாக்கியது; அதற்குப் பின்னுள்ள பாதை முழுவதையும் நடந்து கடந்தவை இவர்களுடைய கால்களே.

போலியுணர்வைத் தனிமனிதருடைய மனக்குறை என்று மட்டும் பேசுவதிலும் ஓர் அநீதி உண்டு. 2021-இல் ருச்சிகா துல்ஷியான், ஜோடி-ஆன் புரே ஆகிய இருவர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை, பெண்களுக்கு, சிறப்பாகக் கறுப்பின மற்றும் சிறுபான்மைப் பெண்களுக்கு, இப்படியொரு பெயரைச் சூட்டிவிட்டு, அவர்களை ஐயுறவைக்கும் பணியிடத்தைத் திருத்தாமல் விட்டுவிடுவது முறையாகாது என்று வாதிட்டது. அவ்வாதம் இங்கும் பொருந்தும். உச்சரிப்பைக் கொண்டு அறிவை அளக்கும் கூட்டங்களும், கேள்வி கேட்பவரை ஏளனமாக நோக்கும் பார்வையும், மதிப்பீட்டின் அளவுகோல் எது என்பதைச் சொல்லாமலேயே மதிப்பெண் வழங்கும் மேலாளர்களும் இருக்கும் இடத்தில், ஐயம் எழாமல் இருந்தால்தான் வியப்பு. ஆகவே தம் ஐயத்தை ஆராயும் பணியாளர், அதில் தம்மிடமிருந்து எழுவது எவ்வளவு, சுற்றியிருக்கும் சுவர்களிலிருந்து எதிரொலிப்பது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும்.

சூழலின் மௌனம் எவ்வளவு வலியது என்பதற்கு வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கை சான்றாகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், 1930-இல் தம் 19-ஆம் வயதில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவர் முதல் தலைமுறைப் பட்டதாரி அல்லர். அவருடைய தந்தை ரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர், சிற்றப்பா அதே 1930-இல் நோபல் பரிசு பெற்ற சி.வி. இராமன். ஆயினும் டிராக், எடிங்டன் போன்ற இயற்பியல் அறிஞர்கள் நடமாடிய கேம்பிரிட்ஜில் அவரைத் தம் தகுதியைப் பற்றிய ஐயம் வாட்டியது. வெண்குறுமீன் எனப்படும் முதிர்ந்த விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்னும் தம் கண்டுபிடிப்பை 1935 சனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தில் அவர் எடுத்துரைத்தபோது, அடுத்துப் பேச எழுந்த எடிங்டன் அதனை அறிஞர் அவையில் எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு அப்போது வயது 24. அவர் கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்பெல்டுக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, ரோசன்பெல்டும் இயற்பியல் அறிஞர் நீல்ஸ் போரும், பின்னர் மற்றோர் இயற்பியல் அறிஞரான வுல்ப்காங் பவுலியும், சந்திரசேகரின் பக்கமே உண்மை இருப்பதாகத் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர்; ஆனால் போரும் பவுலியும் எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாக எதுவும் எழுத முன்வரவில்லை. அறிந்தவர்கள் வாய்மூடி இருந்த அந்நாட்களில் சந்திரசேகர் செய்தது கவனிக்கத்தக்கது: தம் கணக்குகளை ஒழுங்காக எழுதி, விண்மீன்களின் கட்டமைப்பைப் பற்றிய நூலாக 1939-இல் வெளியிட்டுவிட்டு, வேறொரு துறையில் புதிதாக உழைக்கத் தொடங்கினார். சூரியனின் நிறையைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் அந்த வரம்பு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கற்றறிந்த குடும்பத்தின் துணை இருந்தவருக்கே ஐயமும் அவமதிப்பும் இவ்வாறு நேர்ந்தன என்றால், அத்துணை இல்லாதவருக்கு அவை நேர்வதைத் திறன் குறைவின் அடையாளமாகக் கொள்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அவையில் எழும் சிரிப்பு கணக்கைப் பொய்யாக்குவதில்லை என்பதும், கணக்கை எழுதிவைத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதும் இதிலிருந்து பெறத்தக்க இரு பாடங்கள்.

இனி, செய்யத்தக்கவற்றைக் காணலாம். ஒரு வேலையைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் கொள்ளும் உறுதியைத் 'தன்னாற்றல் நம்பிக்கை' என்று அழைத்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காணுதல், பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அமைதியாக இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே மிகவும் வலியது என்பது அவருடைய முடிவு. கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் வாசகங்கள் ஏன் நெடுநாள் நிற்பதில்லை என்பதும், செய்த வேலையின் பதிவு ஏன் நிற்கிறது என்பதும் இதனால் விளங்கும்.

ஆகவே முதலாவது மருந்து, பேரேட்டைத் திருத்துவது. வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை வேலை முடியும் நேரத்தில், அந்த வாரம் தீர்த்த சிக்கல் எது, அதில் தன் கையால் செய்தது எது, யாரிடம் எதைக் கற்றது, எங்கே தவறியது என்னும் நான்கையும் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும். புகழ்ச்சி வேண்டாம், நடந்ததை மட்டும் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் எண்ணம் தடையின்றி வரும். நினைவு தோல்வியை மட்டும் பொறுக்கியெடுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. தாளில் எழுதியதோ இரண்டையும் வைத்திருக்கும். ஆறு மாதங்களுக்குப் பின் அதைப் புரட்டுபவர், சனவரியில் தன்னைத் தூங்கவிடாமல் செய்த சிக்கலைச் சூன் மாதத்தில் அரை மணி நேரத்தில் தீர்த்திருப்பதைத் தம் கையெழுத்திலேயே காண்பார். ஆண்டுமதிப்பீட்டின்போது தன் பணியை எடுத்துச் சொல்லத் தயங்குபவருக்கும் அக்குறிப்பேடே துணை நிற்கும்.

இரண்டாவது, திருத்தக் குறிப்புகளைப் படிக்கும் முறை. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் சரிபார்க்கும் 'கோட் ரிவ்யூ'வில் பதினான்கு குறிப்புகள் வந்திருப்பதாகக் கொள்வோம். போலியுணர்வு அவற்றைப் பதினான்கு குற்றச்சாட்டுகளாக எண்ணும். ஒவ்வொன்றாகப் பிரித்தால், எட்டுக் குறிப்புகள் மாறிகளின் பெயரையும் இடைவெளியையும் பற்றிய குழு வழக்கங்களாகவும், மூன்று விளக்கம் கேட்கும் கேள்விகளாகவும், ஒன்று வேறு வழியும் உண்டு என்னும் கருத்தாகவும், இரண்டு மட்டுமே உண்மையான பிழைகளாகவும் இருக்கக்கூடும். அந்த இரண்டைக் கற்றுக்கொண்டு, எட்டை மனத்தில் பதித்துக்கொண்டு, மூன்றுக்கு விடையளித்து, ஒன்றைச் சீர்தூக்கிப் பார்ப்பதே வேலை. பத்தாண்டு அனுபவமுள்ளவரின் நிரலுக்கும் இத்தகைய குறிப்புகள் வருகின்றன என்பதை அறிய, அவர்களுடைய பழைய ரிவ்யூ பக்கங்களைத் திறந்து பார்த்தாலே போதும். பெரும்பாலான குழுக்களில் அவை யாவரும் காணும்படியே இருக்கின்றன.

மூன்றாவது, கேட்பது. கேள்வி கேட்டால் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுபவர், மூன்று நாட்கள் தனியே தடுமாறி நான்காம் நாள் கெடுவைத் தவறவிடுகிறார். அப்போதுதான் அவர் அஞ்சியது உண்மையிலேயே நேர்கிறது. தான் முயன்றது என்ன, அதனால் கிடைத்தது என்ன, இப்போது நிற்கும் இடம் எது என்னும் மூன்றையும் சேர்த்துக் கேட்கும் கேள்வி, அறியாமையைக் காட்டுவதைவிட உழைப்பையே மிகுதியாகக் காட்டும். பேசத் தடையாக இருந்தால் அதையே குழுவின் அரட்டைப் பெட்டியில் எழுதிக் கேட்கலாம். எழுத்தில் திருத்திக்கொள்ள நேரமும் கிடைக்கும். ஆங்கிலம் பழகப் பழக வரும் கருவி என்பதை மறவாமல், காலைக் கூட்டத்தில் நாள்தோறும் ஒரு முழு வாக்கியத்தையாவது, இலக்கணம் தவறினாலும், சொல்லி முடிப்பதை ஒரு பயிற்சியாகக் கொள்வது நன்று. மேலே கண்ட பெண், தாமதத்தின் காரணம் தனக்குத் தெரியும் என்று நான்கு சொற்களில் கூறியிருந்தாலே அன்றைய கூட்டம் வேறுவிதமாக முடிந்திருக்கும்.

நான்காவது, தன்னைப் போன்றவரோடு மனம்விட்டுப் பேசுவது. ஒவ்வொருவரும் தம் ஐயத்தை உள்ளே அறிகின்றனர், பிறருடைய துணிவை வெளியே காண்கின்றனர். உள்ளையும் வெளியையும் ஒப்பிடும் இந்த ஒப்பீட்டில் எவரும் தோற்பர். அமெரிக்காவில் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோயன் ஆகியோர் நடத்தி 2011-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, இதற்கு ஓர் எளிய மாற்றைக் காட்டுகிறது. கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவர்களிடம், இந்த இடம் தமக்கு உரியதா என்னும் ஐயம் மூத்த மாணவர்களுள் பெரும்பாலோருக்கும் முதலில் இருந்ததையும், நாளடைவில் அது தணிந்ததையும் தெரிவித்து, அதைத் தம் சொந்த அனுபவத்தோடு பொருத்தி எழுதவும் பேசவும் செய்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேரமே நீடித்த அப்பயிற்சியைப் பெற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்து, அவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையே இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. அம்மாணவர்களுக்குப் புதிய அறிவு எதுவும் ஊட்டப்படவில்லை. தம் இடர்ப்பாட்டுக்கு அவர்கள் கற்பித்துக்கொண்ட காரணம் மட்டுமே மாறியது. விடுதி அறையிலும் தேநீர்க் கடையிலும் முதல் தலைமுறைப் பணியாளர்கள் தம் தொடக்க காலத் தடுமாற்றங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வெறும் ஆறுதல் பேச்சாக முடிவதில்லை என்று கருத இந்த ஆய்வு இடமளிக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லா ஐயமும் பொய் என்று இம்மடல் கூறுவதாகக் கொள்ளலாகாது. கல்லாதது இருக்கிறது என்னும் உணர்வு கற்பவருக்கு அணிகலன். அதை இழந்தவர் வளர்வதில்லை. பயனுள்ள ஐயத்தையும் போலியுணர்வையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: தெரியாதது எது? தரவுத்தளத்தின் அட்டவணைகளை இணைக்கும் முறை தெரியவில்லை, சோதனை நிரல் எழுதத் தெரியவில்லை என்று பெயர் சுட்டி விடை வந்தால், அந்த ஐயம் ஒரு பாடத்திட்டம். இரண்டு வார உழைப்பில் அது தீரும். எதுவுமே தெரியவில்லை, எல்லாம் போலி என்று பெயரற்ற விடை வந்தால், அது பேரேட்டின் பிழை. முன்னதற்குப் படிப்பு மருந்து; பின்னதற்கு மேலே கூறியவை மருந்து. அவ்வாறே, நிறுவனம் ஆட்குறைப்புச் செய்து வேலை போனாலும், அதைத் தன் குட்டு உடைந்ததாக எண்ணுவது தவறு. சந்தையின் சரிவுக்கும் திட்டத்தின் முடிவுக்கும் ஒரு பணியாளருடைய தகுதி காரணமாவதில்லை.

ஐயம் வேலை நேரத்தைத் தாண்டித் தூக்கத்தையும் பசியையும் கெடுத்து, வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றிச் செய்து, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் வரையில் கொண்டுசெல்லுமானால், அதனைப் போலியுணர்வு என்று சொல்லித் தள்ளிவைத்தல் கூடாது. அது மனச்சோர்வாகவோ பதற்ற நோயாகவோ இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. நடுவண் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமின்றி இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மூத்த பணியாளர்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும் இம்மடலில் ஒரு சொல் உண்டு. அவர்களுள் பலர் இதே பேருந்துகளில் இதே ஊர்களிலிருந்து வந்தவர்கள். தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆங்கிலம் தடுமாறி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அத்தடுமாற்றத்தை இன்று மறைத்துக்கொள்வதால் அவர்களுடைய மதிப்பு உயர்வதில்லை. வெளியே சொன்னால், பின்னால் வருபவருக்குப் பண்டூரா குறிப்பிட்ட இரண்டாம் ஊற்று திறக்கிறது. கூட்டத்தில் பேசாதிருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கருத்துக் கேட்பதும், உச்சரிப்பைத் திருத்தாமல் உள்ளடக்கத்துக்கு விடையளிப்பதும், பாராட்டும்போது பொதுவாக நன்று என்று சொல்லாமல் எது நன்று என்று குறித்துச் சொல்வதும் செலவில்லாத செயல்கள். போரும் பவுலியும் தனியே ஒப்புக்கொண்டதை அவையில் சொல்லத் தவறினர்; அந்தத் தவறு எந்தக் குழுவிலும் மீண்டும் நிகழலாகாது.

இறுதியாக, இம்மடலுக்கு உரியவர்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் எளியது. நுழைவுச்சீட்டில் உள்ள பெயர் அவரவருடையது. அதற்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பும், நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பும், ஊரில் ஒரு குடும்பத்தின் உழைப்பும் இருக்கின்றன. பறக்கும் படை வந்தாலும் அச்சீட்டை எடுத்துக் காட்டும் உரிமை அவர்களுக்கு உண்டு. இவ்வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஒரு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தேதியிட்டுத் தம் கையால் முடித்த ஒரு வேலையை அவர்கள் எழுதுவாராக. அடுத்து வேலையில் சேரும் தம் ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் குறிப்பேட்டைத் திறந்து காட்டுவாராக.

அன்புடனும் நம்பிக்கையுடனும்.